எண்பது வாட்

மூன்று நாளாக வெயில் தலையே காட்டவில்லை. அப்படியிருந்தும் மொட்டை மாடியில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் அவன் அதை மழைச் சத்தம் என்றுதான் நினைத்தான். மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்த இருட்டில், ஜன்னல் தகரத்தின் மேல் விழும் சொட்டு, குழாய் வழியே இறங்கும் தண்ணீரின் கொடகொட, விட்டுவிட்டு ஓடும் மனைவியின் தையல் மெஷின், இவை எல்லாவற்றுக்கும் அடியில் கூரையிலிருந்து ஒரே சீராக ஒரு ரீங்காரம் இறங்கிக்கொண்டிருந்தது. காதில் விழுவதைவிடப் பல்லில்தான் அதிகம் தெரிந்தது.

"மேல மெஷின் ஓடுதா?" என்று கேட்டான்.

"ஓடட்டுமே, நல்லதுதானே," என்றாள் மனைவி, கன்னத்தில் அடக்கிய கிராம்போடு. அவளுக்கு நான்கு நாளாகப் பல்வலி. டாக்டரிடம் போ என்றால் மழை விடட்டும் என்பாள். வீடே கிராம்பு வாசனையாகக் கிடந்தது.

"வெயில் இல்லாம எப்படிம்மா ஓடும்?"

"அதை நீங்கதான் சொல்லணும். கரண்டுக்காரர் நீங்களா, நானா?"

அவன்தான். இருபது வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக்கு எலக்ட்ரீஷியன் அவன். ஐந்தாவது மாடியில் கடைசி வீட்டை அவனுக்கு விட்டிருந்தார்கள். கூரை முழுக்க சோலார் பேனல் போட்டது அவன். வீடுகள் தின்றது போக மிச்சக் கரண்ட் வீணாகப் போகிறதே என்று பொறுக்க முடியாமல், கம்ப்யூட்டர்களைக் கணக்குப் போட வைத்து டிஜிட்டல் காசு சம்பாதிக்கும் கிரிப்டோ மைனிங் யோசனையைச் சொன்னதும் அவன்தான். யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற எட்டு மெஷின்களை, மாடியில் காலியாகக் கிடந்த பழைய லிஃப்ட் அறையில் அடுக்கினான். இரவும் பகலும் கணக்குப் போடச் சொன்னாலும் அலுக்காத பெட்டிகள். ஆனால் மிச்சம் இருந்தால்தான் ஓடும். மேகம் மறைத்தால் ஒவ்வொன்றாக வாயை மூடும், பொழுது சாய்ந்தால் எட்டும் அடங்கிவிடும். நான்கு மாதமாக அந்தக் காசில்தான் லிஃப்ட் பழுதில்லாமல் ஓடியது. கட்டடத்தில் அவனுக்கு மரியாதை கூடியிருந்தது. அதை அவன் ரசித்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"நானும் வரேன்," என்று, அவன் மாடிக்குக் கிளம்புவதைப் பார்த்துச் சோபாவிலிருந்து குதித்தாள் மகள். ஆறு வயது. கட்டடத்தில் எல்லாரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். தரையில் நடந்ததைவிட நாற்காலி மேல் நடந்ததே அதிகம். பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் லீவு விட்டு வீட்டில் உள்ளவர்களின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"மழையில எங்கடி போற? உக்காரு," என்றாள் அம்மா.

அவன் குடையில்லாமல் ஓடி லிஃப்ட் அறைக்குள் நுழைந்தான். பேனல் மீட்டரில் பூஜ்யம். ஆனால் எட்டு மெஷினிலும் பச்சை விளக்குகள் துடித்துக்கொண்டிருந்தன, எட்டு ஃபேனும் முழு வேகத்தில் சுற்றின, பின்பக்கத்திலிருந்து கொட்டிய சூடான காற்றில் யாரோ கொடியில் போட்டிருந்த துணிகள் ஆடின. மழைக்காலம் ஆனதிலிருந்து துணி காயப் போட எல்லாரும் இங்கேதான் வருகிறார்கள். காற்றில் முட்டிவலித் தைலத்தின் நெடி அடித்தது. இரண்டாவது மாடிப் பெரியவரின் தைலம். தனியாக இருப்பவர். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார் என்பதால் அவருக்குப் பூட்டு சார் என்று பெயர். அவர் வேட்டியும் காய்கிறது போலும் என்று நினைத்து மெஷினுக்கு வந்தான்.

மிச்சம் இல்லாமல் மிச்சம் இருப்பதாக மெஷின் நம்புகிறது என்றால் தப்பு சென்சாரில்தான் இருக்க வேண்டும். மெயின் கம்பியைச் சுற்றி மாட்டும் சின்ன வளையம் அது. கரண்ட் வீடுகளுக்குள் போகிறதா, மிச்சமாகி வெளியே வருகிறதா என்று அதன் மேலிருக்கும் அம்புக்குறியை வைத்துத்தான் மெஷின் தெரிந்துகொள்ளும். அதை மாட்டிய அன்று அவசரத்தில் அவன் அம்பைத் தலைகீழாக மாட்டிவிட்டான். திருப்பி மாட்ட மெயினை அணைக்க வேண்டும். எல்லா வீட்டிலும் முணுமுணுப்பார்கள். எனவே வளையத்தைத் தொடாமல் செட்டிங்கில் போய், உள்ளே போவதை வெளியே வருவதாக எடுத்துக்கொள் என்று மாற்றிவிட்டான். வயரிங் தெரிந்தவர்கள் எல்லாரும் செய்யும் சோம்பேறித்தனம்தான். தப்பும் தப்பும் சேர்ந்து சரியாக ஓடியது.

மச்சானுக்குப் போன் போட்டான். மனைவியின் தம்பி, அவனோடு வயரிங் வேலை பார்ப்பவன்.

"மச்சான், கீழ மெயின் பெட்டியில கை வச்சியா?"

"ஆமா மாமா, போன வாரம் மெயின் ஆஃப்ல இருந்தப்ப. ஒரு வளையம் தலைகீழா மாட்டியிருந்தது. உங்க மானம் போகக் கூடாதுன்னு நானே திருப்பிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல!"

சிரிப்பு வந்துவிட்டது. வளையம் சரியாகிவிட்டது, செட்டிங் மட்டும் தலைகீழாகவே இருந்திருக்கிறது. ஒரு வாரமாக, வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்ததையெல்லாம் தனக்கான மிச்சம் என்று மெஷின் எடுத்துத் தின்றிருக்கிறது. செட்டிங்கை மாற்றினான். எட்டு ஃபேனும் பெருமூச்சு விட்டுக்கொண்டே நின்றன. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கீழே இறங்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு முனகினான்.

அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினான்.

நான்காவது நாளும் மழை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். காலை பத்து மணி ஆகியும் கட்டடம் எழுந்திருக்கவில்லை. டிவி சத்தம் இல்லை, குக்கர் சத்தம் இல்லை, மாடிப்படியில் செருப்புச் சத்தம் இல்லை. மழைக்குச் சுருண்டு படுத்திருக்கிறார்கள் என்று நினைக்கலாம்தான். ஆனால் குழந்தைகள்கூடவா? வாலு காலையில் எழுந்து பாலைக் குடித்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டாள். அவளைப் பெற்றதிலிருந்து அப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லை.

"பாவம், தூங்கட்டும். நானும் கொஞ்சம் சாயறேன்," என்றாள் மனைவி. "கையெல்லாம் மரத்துப் போகுது, ஊசியே பிடிக்க முடியலை."

மோட்டார் போடக் கீழே போனான். லிஃப்ட் பக்கத்தில் சுவரில் ஒரு திரை இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கோடு. சிவப்பு என்றால் அந்த வீடு கரண்ட் இழுக்கிறது, பச்சை என்றால் அந்த வீட்டின் பங்கில் மிச்சம் கிடைக்கிறது. வெயில் நாளில் பச்சையாகப் பார்த்துவிட்டால் குடித்தனக்காரர்களுக்கு ஒரு பெருமை.

பத்தொன்பது கோடுகள் பச்சையாக இருந்தன.

நின்று பார்த்தான். பேனல்: பூஜ்யம். வெளியே வானம் ஈயம் போல் இருந்தது. ஆனாலும் பச்சை. கிலோவாட் எண்களும் சின்னச் சின்னதாக, விசித்திரமாக இருந்தன. நாலு பேர் இருக்கும் வீட்டில் 0.31. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் 0.16. தனியாக இருக்கும் பூட்டு சார் வீட்டில் 0.08. பூட்டிக் கிடந்த 3பி மட்டும் பூஜ்யம்.

தலைவரம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு தன் வீட்டு வாசலில் நின்றார். குடியிருப்போர் சங்கத் தலைவி. எப்போதும் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பவர், இப்போது சுவரில் சாய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன குளிருப்பா தம்பி இது. எலும்புக்குள்ள போகுது. ரெண்டு போர்வை போர்த்தியும் அடங்கலை."

"உடம்பு சரியில்லையாம்மா?"

"தூக்கம்தான் வருது. சும்மா சும்மா." கொட்டாவி விட்டார். "போய்ப் படுக்கறேன்."

கதவு மூடியது. சற்று நேரத்தில் திரையில் அவர் வீட்டு எண் 0.11-லிருந்து 0.08-க்கு இறங்கி நின்றது.

எண்பது வாட். அந்த எண்ணை அவனுக்குத் தெரியும். ஏசி போடப் போகும் இடத்தில் முதலில் கேட்கும் கேள்வியே இந்த அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான். ஆளின் உடம்பும் சூடு விடும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு நூறு வாட். நடமாடினால் அதற்கும் மேல். தூங்கினால் எண்பது. குழந்தை என்றால் ஐம்பது.

முட்டாள்தனம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சென்சார் கோளாறு. ஈரம் இறங்கியிருக்கும். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூட்டு சார் வீட்டு எண் 0.07 ஆனது. பிறகு 0.05. அவன் படியேறினான். ஏன் ஓடுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

இரண்டாவது மாடி. பூட்டு சார் கதவைத் தட்டினான். கை பட்டதும் அது திறந்துகொண்டது. மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவரின் கதவு.

பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். மடியில் போர்வை, கண் மூடியிருந்தது. பக்கத்து ஸ்டூலில் டீ. டம்ளரிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது, சற்று முன்புதான் ஊற்றியிருக்க வேண்டும்.

"சார்."

தோளைத் தொட்டான். கையை இழுத்துக்கொண்டான். தரைக் கல்லைத் தொட்டது போல் இருந்தது. கழுத்து, நெற்றி, அக்குள், எல்லாம் அதே சில்லிப்பு. செத்து ஒரு நாள் ஆனவர் போல் இருந்தார், டீ மட்டும் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அறையில் தைல வாசனை இல்லை. நாள் முழுக்கத் தைலம் தேய்ப்பவரின் அறையில், அவர் முட்டியில்கூட, துளி வாசனை இல்லை.

வாசனை எங்கே இருந்தது என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. கொடியில் வேட்டி இருந்ததா? இல்லை. நேற்று அங்கே காய்ந்ததெல்லாம் குழந்தைத் துணிகள்.

மாடிக்கு ஓடினான். படி முழுக்க மூடிய கதவுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அமைதி. மேலே போகப் போக ரீங்காரம் கூடியது.

எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. நேற்றைவிட வேகமாக. பிரேக்கரைக் கீழே தள்ளினான். ஃபேன்கள் தயங்கின, மறுபடி வேகம் பிடித்தன. பிளக்குகளைப் பிடுங்கினான். ஒன்று, இரண்டு, எட்டும். வயர்கள் தரையில் கிடந்தன. பச்சை விளக்குகள் துடித்துக்கொண்டே இருந்தன. ஒரு வாரம் சோறு ஊட்டியது அவன்தான். உள்ளே இருப்பதெல்லாம் உனக்கு மிச்சம் என்று சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். நேற்று சொன்னதை மாற்றிக்கொண்டான், அது மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு ருசி தெரிந்துவிட்டது.

பெரிய ஸ்பேனரை எடுத்தான். அடித்து நொறுக்கிவிடலாம் என்று ஓங்கியபோது சூடான காற்று முகத்தில் அடித்தது.

தைலம் இல்லை இப்போது. பச்சைப் பிள்ளையின் பால் வாசனை வந்தது. யாருடையதோ சோப்பு. பிறகு பவுடரும் வியர்வையும் பென்சில் சீவலும் கலந்த ஒரு வாசனை. தினமும் ராத்திரி அவன் மூக்கைப் புதைத்து முகர்ந்த வாசனை. வாலுவின் தலை.

ஸ்பேனர் எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது.

படுக்கையில் அம்மாவும் பெண்ணும் ஒரே போர்வைக்குள் கிடந்தார்கள். மனைவியை உலுக்கினான். நெடுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். மகளை உலுக்கினான். தலை தொங்கியது. உதடு நீலமாக இருந்தது. காலைப் பிடித்தான், கையைப் பிடித்தான். ஐஸ்.

"என்னங்க ஆச்சு? ஏன் இப்படி இருக்கா? வாலு! ஏய் வாலு!"

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். தெரு முழுக்கத் தண்ணீர், இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். வென்னீர் வைக்க அடுப்படிக்குப் போன மனைவி, அடுப்பைப் பற்றவைக்க மறந்து, மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். இந்த வீட்டுக்குள் இருந்தால் இரண்டு மணி நேரம் தாங்காது. வெளியே கொட்டும் மழை. கட்டடத்தில் சூடு இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

அது மகளுடைய சூடு.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டான். மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். மழையைக் கடந்து லிஃப்ட் அறைக்குள் போய், மெஷின்களின் பின்பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காற்று நேராக அடிக்கும்படி மகளை மடியில் வைத்துக்கொண்டான். கை காலைத் தேய்த்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அழுதான்.

பத்து நிமிடம் இருக்கும். நீலம் வெளுத்தது. விரல் அசைந்தது.

"அப்பா," என்றாள் வாலு.

மனைவி மகளின் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டு விசும்பினாள். அந்த அறைக்கு மீட்டர் கிடையாது. திரையில் அதற்குக் கோடும் கிடையாது. இங்கே இருந்தால் மெஷின் தொடாது என்று அவனுக்குப் புரிந்தது. மெஷினை இப்போது உடைக்கவும் முடியாது என்பதும் புரிந்தது. இது நின்றால் இவள் மறுபடி அணைந்துவிடுவாள். இது ஓடக் கீழே பதினேழு வீடு படுத்திருக்க வேண்டும். அதைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று முடிவு செய்தான். இப்போதைக்கு வேண்டாம்.

"டிரெஸ் நனைஞ்சிருக்குங்க," என்றாள் மனைவி. "ஈரத்தோட இருந்தா எப்படிச் சூடு ஏறும்? ஒரு டிரெஸ்ஸும் போர்வையும் எடுத்துட்டு வந்துடறேன்."

"வேண்டாம். கீழ போகாதே."

"ரெண்டு நிமிஷம்ங்க. இவளுக்கு நடுங்குது பாருங்க."

நடுங்கத்தான் செய்தது. ஈரச் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

"உக்காராதே. எதுலயும் சாயாதே. எடுத்ததும் ஓடி வந்துடு. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது," என்று கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு போனாள்.

அவன் போனில் அந்தத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டான். ஐந்தாவது மாடி, கடைசி வீடு. பூஜ்யமாக இருந்த கோடு பச்சையானது. 0.14. நடக்கிறாள். நல்லது. பீரோவைத் திறந்திருப்பாள். 0.14. போர்வையை மடிக்கிறாள். மடிக்க வேண்டாம், அப்படியே வா. 0.13.

"அப்பா, அம்மா எங்க?"

"வந்துட்டா கண்ணு."

0.10.

அவன் அந்த எண்ணையே பார்த்தான். நூறு வாட். உட்கார்ந்திருப்பவருக்கு நூறு.

மனைவிக்குப் போன் போட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். மகளைத் தரையில் இறக்கிவிட்டு எழுந்தான். காற்றிலிருந்து விலகிய மறுகணம் அவள் உதட்டில் நீலம் ஏறியது. மறுபடி தூக்கி அங்கேயே வைத்தான். சிவந்தது.

"இங்கயே இரு. அசையாதே. காத்துக்கு நேரா இரு. அப்பா இப்ப வந்துடறேன்."

"போகாதப்பா." சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வயசுப் பிடி. விரல்களைப் பிரித்தான். மறுபடி பிடித்தாள்.

0.08.

கதவு வரை போனான். மழையில் படிக்கட்டின் வாய் இருட்டாகத் தெரிந்தது. மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினான். ஐந்து மாடியிலும் அந்தப் பெயர் சுற்றி வந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. போனைப் பார்த்தான். 0.06. ஃபேன்கள் வேகம் கூட்டின. அவன் வாசலுக்கு வெளியே ஒரு காலை வைத்தான்.

"அப்பா."

அழுகைக் குரல் இல்லை அது. திரும்பினான்.

வாலு எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தன. நடுக்கம் நின்றிருந்தது. கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, கட்டிக்கொள்ளப் போகிறவள் போல் மெஷினை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள்.

"இப்ப குளிரலைப்பா," என்றாள். "அம்மா வந்துட்டாங்க. வாசனை வருது."

அறை முழுக்க, சூடாக, கிராம்பு வாசனை.